நாலாவது கொடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. பூந்தமல்லியில் ஒரு துணிக்கடைக்குப் போர்வை வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட ஆசிரியை விளையாட்டு விழாவுக்குக் கொடி கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கை எடுத்துப் போட்டார். எதிலும் படம் இல்லை. கொடியில் படம் எழுதுவதற்கென்று ஓர் ஆள் இருந்த காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபடியே போர்வையை மறந்து வீட்டுக்கு வந்து, என் மனைவி சொர்ணத்திடம் திட்டு வாங்கினேன். கதை அங்கே தொடங்கியது.

2

முதல் வரியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

1936ஆம் ஆண்டு, பூந்தமல்லியின் கொளுத்தும் வெயிலில்—

வேண்டாம். வெயிலில் தொடங்கிய கதைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

கோதண்டம் ஒரு மாபெரும் கலைஞர்—

பொய். கோதண்டம் ஒரு பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். நல்லவர், பயந்தவர், வேலையில் படு மந்தம்.*

(* மந்தம் என்றால் சோம்பல் இல்லை. சிங்க அணிக்குக் கொடி எழுதி முடித்த பிறகுதான், பையன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினால் சிங்கம் பின்பக்கம் பார்த்துப் பயந்தோடுவதுபோல் தெரியும் என்று அவருக்குப் புரிந்தது. கம்பைப் பார்த்த முகமாக, புதுத் துணியில் மறுபடி எழுதினார். ஊரெல்லாம் சிரித்தது.)

3

பள்ளி விளையாட்டு விழாவில் நான்கு அணிகள். சிங்கம், யானை, கருடன் மூன்றும் ஊர்த்தெருப் பிள்ளைகளுடையவை. சேரியிலிருந்து படிக்க வந்த ஏழு பேரை யாரும் சேர்த்துக்கொள்ளாததால் அவர்களே நாலாவது அணி. ஜெயிக்கிற அணி தன் கொடியை முன்னால் பிடித்துக்கொண்டு கோயில் தெருவைச் சுற்றி வரும். வாசலுக்கு வாசல் பானகம் கொடுப்பார்கள். கொடி இல்லாத அணிக்கு ஊர்வலம் கிடையாது.

நாலாவது அணியின் தலைவன் சின்னப்பையன். பன்னிரண்டு வயது. ஓட்டத்தில் அவனை மடக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவனோ அவன் அப்பனோ கோயில் தெருவில் இதுவரை கால் வைத்ததும் இல்லை.

4

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பள்ளி மானேஜர் வீரராகவன் கோதண்டத்தை ஆளனுப்பிக் கூப்பிட்டார். [இவரைக் கொடுவாள் மீசையோடு எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மரியாதையாகப் பேசுகிறவர் என்று மாற்றியதும் எனக்கே பயமாகிவிட்டது.]

“ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றாரு. அந்தப் பசங்கள ஓட வாணாம்னு சொல்ல முடியாது. ஓடட்டும், ஜெயிச்சாலும் ஜெயிக்கட்டும்.”

“சரிங்க.”

“அந்த நாலாவது கொடி மட்டும் நேரத்துக்கு முடியலைன்னு வச்சிக்கோங்க வாத்தியாரே. உங்க கை மெதுவான கைன்னு ஊருக்கே தெரியும். யாரு இன்னா கேக்கப் போறாங்க?”

எதையும் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் இருந்தால் போதும் என்றார், அவ்வளவுதான்.

5

மறுநாள் ஏழு பேரும் வந்து நின்றார்கள்.

“எங்க கொடில இன்னா படம் சார்?” என்று கேட்டான் சின்னப்பையன்.

“இன்னா வேணும் சொல்லு.”

“மாடு சார். ஓடற மாடு.”

சிங்கத்துக்கும் யானைக்கும் எதிரே மாடா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கரித்துண்டை எடுத்துக் காடாத்துணியில் கொம்பு, திமில், கால்கள் என்று இழுத்தார். இழுத்த கையோடு மூக்கணாங்கயிற்றையும் போட்டுவிட்டார்.

“கவுறு வாணாம் சார்.”

“கவுறு இல்லாத மாடு எங்கடா கீது?”

“கொடில இருக்கட்டுமே சார்.”

கோதண்டம் கயிற்றை அழித்தார்.

[எழுத்தாளன் கையில் கயிறு கிடைத்தால் முடிச்சுப் போடாமல் விடமாட்டான். எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் பிறந்ததிலிருந்து ஏர்மாட்டையே பார்த்த மனிதர் கயிற்றோடுதான் வரைவார். இருக்கட்டும்.]

அதன்பின் நாலு நாளும் அந்தத் துணியில் சாயம் ஏறவில்லை. கோதண்டம் கருடனின் இறகுகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். திருத்துவதற்கு முடிவே கிடையாது. இந்தப் பகுதியை நான் ஏழு முறை திருத்தியிருக்கிறேன்.

6

சின்னப்பையன் ஜெயித்தான். ஓட்டத்தை வர்ணிக்கப்போவதில்லை, அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் வெகுதூரம் பின்னால் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, ரயிலைப் பிடிக்க ஆவடிக்கு வண்டியேறினார்.

ஏழு பேரும் கொடி வாங்கக் கோதண்டத்தின் முன்னால் வந்து நின்றார்கள். மேஜைமேல் மடித்திருந்த துணியின் மீது அவர் கை இருந்தது.

“நாலாவது கொடி... படம் முடியலைப்பா.”

“கரிக்கோடு போதும் சார். குடுங்க.”

இந்தப் பதிலைக் கோதண்டம் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற வீரராகவனும் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக நானும்தான்.

7

முதல் முடிவில் கோதண்டம் கொடியைக் கொடுத்தார். தெருவே திரண்டு வந்து பானகம் ஊற்றியது. சொர்ணம் படித்துவிட்டு, “இது எந்த ஊர்ல நடந்துச்சி?” என்றாள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவில் அவர் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவர் கண்களிலிருந்து—

அங்கேயே நிறுத்தினேன். ஓடி ஜெயித்தவன் ஒருவன், அழுகை மட்டும் வாத்தியாருக்கா?

மூன்றாவது, என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்தது. துணிமேல் இருக்கும் கையோடு கதையை நிறுத்திவிடுவது. மீதியை வாசகர் பார்த்துக்கொள்ளட்டும். அழகாகத்தான் வந்திருந்தது. எழுதிவிட்டுக் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. முடியலைன்னு வச்சிக்கோங்க என்றுதானே வீரராகவனும் கேட்டார்? எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் முடிந்தவரை சொல்லிவிடுகிறேன். கோதண்டம் கொடுக்கவில்லை. துணியை இன்னொரு மடிப்பு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சின்னப்பையன் வெறுங்கையோடு நடந்தான். மற்ற ஆறு பேரும் பின்னாலேயே போனார்கள். சேரிப் பக்கம் போகவில்லை, கோயில் தெருப் பக்கம் போனார்கள்.

இப்போது ஏழு பேரும் தெருமுனையில் நிற்கிறார்கள். மேற்கொண்டு என்னால் எழுத முடியவில்லை, ஏனென்றால் அந்தத் தெருவில் இடப்புறம் மூன்றாவது வீட்டில் நான் இருக்கிறேன். கையில் பானகச் சொம்போடு வாசல்வரை வந்துவிட்டேன். படியிறங்காமல், முதலில் யார் இறங்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீடு உங்களுடையது.