இரண்டாம் தரம் கேட்கவில்லை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: தம்பித்துரையாகிய நான், என் மனைவி தில்லைநாயகி, காலமான எங்கள் மகன் லக்ஷ்மணனின் மனைவி றேகுலா, யெனிஷ் குடும்பங்களுக்கான உதவி மையத்தைச் சேர்ந்த ஃப்ராவ் வாசர் என்ற பெண்மணி, பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. என் பேத்தி மிலா மேசைக்கு அடியில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. வேறு யாரும் அங்கே இருக்கவில்லை.

யெனிஷ் என்றால் யார் என்று எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. இந்த நாட்டின் பழைய குடிகள். ஒருகாலத்தில் வண்டிகளில் ஊர் ஊராகப் போய்க் கத்தி தீட்டியும் கூடை விற்றும் வாழ்ந்தவர்கள். இப்போது அநேகமானோர் நகரங்களில் மாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம், வாடகை, அலுவலகக் கடிதங்கள் என்று எல்லாவற்றுக்கும் கூடப் போய் நிற்பதுதான் பேர்ண் நகரில் இருக்கும் அந்த மையத்தின் வேலை. றேகுலாவைப்போல ஃப்ராவ் வாசரும் யெனிஷ்தான்.

லக்ஷ்மணன் றேகுலாவைப் பதிவுத் திருமணம் செய்தபோது, அவள் ஒரு தபால் அதிபரின் மகள் என்று நான் கோயிலில் சொல்லிவைத்தேன். டாவோஸில் ஹோட்டல் கோப்பை கழுவித் தலைநிமிர்ந்த குடும்பம் எங்களுடையது. அதற்கு ஒரு மரியாதை இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் லக்ஷ்மணன் வேலைத்தலத்தில் மாரடைப்பால் போய்விட்டான். அதன்பின் றேகுலா சாப்பிடாமல், உறங்காமல் உடைந்துபோனாள். மூன்று மாதமாவது மருத்துவமனையில் இருக்கவேண்டும் என்றார் வைத்தியர். அவள் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள்: மிலா சொந்தக்காரரோடுதான் இருக்கவேண்டும். அவளுடைய தாயை நாலு வயதில் அதிகாரிகள் வந்து பிடுங்கிக்கொண்டுபோய் ஒரு பண்ணை வீட்டில் விட்டவர்கள். அந்தக் காலத்தில் யெனிஷ் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். அந்தத் தாயும் இப்போது இல்லை. சொந்தம் என்று இருந்தது நாங்கள் மட்டும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவனுக்கு எதற்கு என்று மறுத்துவிட்டேன்.

அதிகாரி என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்: “மிலாவை உங்கள் வீட்டில் வைத்திருப்பீர்களா?”

“இல்லை,” என்றேன். “எங்களுக்கு வயது போய்விட்டது. வீடும் சின்னது.”

எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதற்கு என்ன சொல்லியிருப்பார்கள்? “அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை, நீங்கள் இல்லாட்டி ஆர்?” என்று கையைப் பிடித்திருப்பார்கள். நான் இன்னொரு தரம் மறுத்திருப்பேன். மூன்றாம் தரம், “சரி, நீங்கள் இவ்வளவு கேக்கிறியள்” என்று ஒத்துக்கொண்டிருப்பேன். ஒரு கோப்பை தேநீரைக்கூட நான் முதல் தரத்தில் வாங்கியதில்லை.

அதிகாரி கையைப் பிடிக்கவில்லை. “வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி,” என்று சொல்லி எழுதிக்கொண்டார். றேகுலா என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். கட்டியே இருந்த கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் கட்டினாள்.

டிராமில் தில்லைநாயகி வாயைத் திறந்தாள்.

“காலமை அந்தச் சின்ன அறைக்கட்டிலுக்கு விரிப்பு மாத்தச் சொன்னது ஆர்?”

“நான்தான்.”

“பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“கேட்ட உடன ஓம் எண்டு சொல்ல நான் என்ன வழியால போறவனோ? திருப்பிக் கேப்பினம் எண்டு இருந்தன்.”

“அவையள் வெள்ளைக்காரர், அப்பா. இல்லை எண்டால் இல்லைதான். நாற்பது வருசம் இருந்து நல்லா விளங்கியிருக்கிறியள்!”

“நீர் பேசாமல் இரும். கோல் எடுப்பினம்.”

“நான் எடுக்கிறன், தாங்கோ.”

“எடுக்கக்கூடாது. நாங்கள் கெஞ்சப்படாது.”

பதினொரு நாள் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருந்தேன். குளிக்கப் போகும்போதும் கொண்டுபோனேன். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. இந்த நிலையில் தாயால் பிள்ளையைப் பார்க்க முடியாது என்று மிலாவை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள் என்று எழுதியிருந்தது. பண்ணை என்ற சொல்லில் தில்லைநாயகி விரலை வைத்தாள். பிறகு அந்தக் கடிதத்தை அவள் தொடவில்லை.

அன்றைக்கே மையத்துக்குப் போனேன். ஃப்ராவ் வாசர் என்னை இருக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே, “நான் இல்லை என்று சொன்னது இல்லை என்று அல்ல,” என்றேன். ஜெர்மன் மொழியில் அதைச் சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரக் கதையாகக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. “உங்கள் ஆட்களின் வழக்கம் எனக்குத் தெரியாது, ஹெர் தம்பித்துரை,” என்றார். “மிலாவின் கோப்பில் ‘உறவினர் ஏற்க விரும்பவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. என் அம்மாவின் பழைய கோப்பிலும் இதே வரி இருந்தது. அது பொய். யாரும் எங்கள் ஆட்களிடம் போய்க் கேட்கவே இல்லை. அதனால்தான் இந்தமுறை நான் பிடிவாதமாக நின்று உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.”

அப்போதுதான் நான் கதிரையில் இருந்தேன்.

இப்போது மாற்ற முடியுமா என்று கேட்டேன். பிள்ளையை அங்கும் இங்கும் இழுக்க விடமாட்டார்கள், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை வரும், விண்ணப்பம் எழுத உதவி செய்கிறேன் என்றார். எழுதினோம். றேகுலாவுக்கு நான் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. மருத்துவமனைக்கு அவள் போகவேயில்லை. போனால், பிள்ளையைக் கொண்டுவந்து காட்டும் சனிக்கிழமைகள் தவறிவிடும் என்று வீட்டிலேயே கிடக்கிறாளாம். ஃப்ராவ் வாசர் ஒன்றுவிட்ட ஒரு நாள் சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறார். தில்லைநாயகி சமைத்துக் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது.

றேகுலா எந்தச் சனம் என்பது எப்படியோ கசிந்து, இப்போது கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கதை ஓடுகிறது. வண்டியில் திரிகிற சனம், புருசன் செத்ததும் பிள்ளையை அரசாங்கத்திடம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள் என்று. கோயிலுக்கு வருகிற ஜெகதீஸ்வரன் என் முகத்துக்கு நேரேயே, “உங்களுக்கு ஒரு பாரம் குறைஞ்சுது அண்ணை” என்றான்.

அது பொய். என் மருமகள் யெனிஷ், தபால் அதிபரின் மகள் இல்லை. அவள் பிள்ளையைத் தள்ளிவிடவில்லை. எங்களிடம் தரத்தான் வந்தாள். இல்லை என்று சொன்னது நான்.