கையெழுத்து என்னுதுதான்

வரி அலுவலகத்து ஆட்கள் வீட்டுக்கு வந்த காலையில் அவர் அடுப்பில் முட்டை அவித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சோபா, டிவி, கட்டில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஓர் இளம் அதிகாரி மட்டும் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எங்கப்பா உங்க பரம ரசிகர்."

அவரும் தோளை நிமிர்த்திச் சிரித்தபடி நின்றார். பழக்கதோஷம்.

ஒரு காலத்தில் ஊரே அவரைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிட்டது. கால்பந்தில் கோல் காப்பவர். அவர் கம்பங்களுக்கு நடுவே நின்றுவிட்டால் பந்து உள்ளே போகாது என்று பெயர். விளையாட்டை விட்ட பிறகு கூட்டம் கலைந்தது. மனைவியும் பிரிந்துபோய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. மிஞ்சியது அண்ணன் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குப் போன் போட்டு, நேற்றைய ஆட்டத்தில் யார் சொதப்பினார்கள் என்று அலசாவிட்டால் இவருக்கு அந்த வாரமே விடியாது.

வரவு செலவெல்லாம் அண்ணன் பொறுப்பு. "ஆடறது உன் வேலை, மத்த தலைவலியெல்லாம் எனக்கு" என்று முதல் ஒப்பந்தத்தின்போதே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் விரல் வைத்த இடத்திலெல்லாம் இவர் கையெழுத்துப் போட்டார்.

வழக்குக்காக அவர் வைத்துக்கொண்ட வக்கீலம்மா பூசி மெழுகிப் பேசுகிறவர் இல்லை. "மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேளுங்க, சார். வரி கட்டினதா காட்டியிருக்கிற ரசீதெல்லாம் போலி. அதைச் செஞ்சது உங்க அண்ணன். கோர்ட்ல அதைச் சொன்னா நீங்க தப்பிக்கலாம். சொல்லலைன்னா வீடும் போகும், நீங்களும் உள்ளே போக வேண்டி வரலாம்."

அண்ணன் டயர் கடை வைத்திருந்தார். இவர் படியேறுவதைக் கண்டதுமே அண்ணன் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும், "வாடா, சாப்பிட்டியா?" என்றார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

அண்ணன் மறைக்கவில்லை. "கடை மூழ்கப் பார்த்துச்சுடா. வரிக்கு வச்சிருந்த பணத்துல ஒரு தடவை எடுத்தேன். அடுத்த வருஷம் சேர்த்துக் கட்டிடலாம்னு நினைச்சேன். அப்புறம் கை பழகிடுச்சு."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும். அதனாலதான் கேக்கல."

கல்லாவில் இருந்த அண்ணி, துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அண்ணன் தொண்டையைச் செருமினார். "என் பேரைச் சொல்லிடு. நான் தயாராத்தான் இருக்கேன்."

சொல்லிவிடுவதாகத்தான் இவரும் கோர்ட்டுக்குப் போனார். வக்கீலம்மா சொல்லிக் கொடுத்ததை வாசல்வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே வந்தார். ஆனால் நீதிபதி, "இந்தக் கணக்கைத் தயார் பண்ணது யாரு?" என்று கேட்டபோது அண்ணன் பெயர் வாயில் வரவில்லை. தியாகம், பாசம் என்று பெரிதாக எதுவும் நெஞ்சில் பொங்கவில்லை. அண்ணன் உள்ளே போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் போன் செய்வது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

"கையெழுத்து என்னுதுதான்" என்றார். "வேற யாருக்கும் சம்பந்தமில்ல."

வக்கீலம்மா பெருமூச்சோடு ஃபைலை மூடினார்.

நல்லவேளையாகச் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். வீடு ஏலத்துக்குப் போனது. 'பூட்டு உடைந்தது' என்று பத்திரிகைக்காரர்கள் தலைப்புப் போட்டு மகிழ்ந்தார்கள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்தார். பொது நீச்சல் குளமொன்றின் வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கும் வேலை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணி எடுத்தாள். "குளிக்கிறார் தம்பி." அடுத்த வாரமும் குளித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் தூக்கம். இந்த மனுஷனுக்கு இப்படிக் குளித்துக் குளித்துச் சளி பிடிக்காதா என்று அவர் தமக்குள் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கடைக்கே போனார். அண்ணன் ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் இன்னும் குனிந்துகொண்டார்.

"என்மேல என்னண்ணே கோபம்?"

"கோபமா? உன்மேலயா?" ஸ்பானரைக் கீழே வைத்தார். தலை நிமிரவே இல்லை. "நீ என்னை மாட்டி விட்டிருந்தா, போய் அனுபவிச்சிட்டு வந்து உன் முகத்தைப் பார்த்திருப்பேன்டா. இப்போ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பார்க்கிறது?"

"நான் எதையும் மனசுல வச்சுக்கலைண்ணே."

"நீ வச்சுக்க மாட்ட. எனக்குத்தான் இறங்க மாட்டேங்குது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இனி வராதடா. கொஞ்ச நாளைக்கு."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. "வரேண்ணே" என்றார். அண்ணன் மறுபடி சக்கரத்துக்குத் திரும்பினார். உள்ளேயிருந்து டீயோடு வந்த அண்ணி, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நடுவழியில் நின்றாள். அவளுக்காக அதை வாங்கி, சூட்டையும் பாராமல் மடமடவென்று குடித்துவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் நீச்சல் குளத்து மேலாளரிடம் போய், "ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்கலைன்னு சொன்னீங்களே, எனக்கே குடுத்துடுங்க" என்றார்.

"எல்லா ஞாயிறுமா? வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் சேர ஆரம்பித்திருந்த வரிசையைப் பார்க்கப் போனார்.