பிரேக்கில் விழுந்தவர்

வெள்ளைக்காரர் தன் ஊரைப் பற்றிப் படம் காட்டப் போகிறார், அவர் சொல்வதை நீ தமிழில் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை. மதிய பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினால் ரேஷன் கடைக்குப் போகலாம், ஒரு வாரத்துத் துணியைத் துவைக்கலாம், கொஞ்சம் படுக்கலாம். மில்லில் நான் ஒருத்திதான் டைப்பிஸ்ட். காஞ்சிபுரத்தில் படித்துவிட்டு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கிலீஷ் தெரியும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கவே கூடாது. யாருக்கும் பிடிக்காத வேலையெல்லாம் என் தலையில்தான் வந்து விடியும்.

எங்கள் அட்டை மில் ஒரகடம் போகும் சாலையில் இருந்தது. எண்பத்தைந்தாம் வருஷம் அங்கே இரண்டாவது மெஷின் வந்தது, பின்லாந்திலிருந்து. அதைப் பூட்டி ஓடவிட்டுப் போவதற்காக வெய்க்கோ என்ற இன்ஜினீயர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் வெயிலில் வெந்து மூக்குத் தோல் உரிந்து, பார்க்கவே பாவமாக இருப்பார். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். அதனாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

கேன்டீன் ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினார்கள். ஷிப்ட் முடித்த ஆட்கள் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பலராமன் கடைசி பெஞ்சில் சுவரில் சாய்ந்திருந்தார். படம் ஆரம்பித்தது. ஊரின் பெயர் லப்பேன்ராந்தா. ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. அதற்கப்புறம் 'சார் ஊரு' என்றே சொன்னேன்.

பெரிய ஏரி. ஏரிக்கரையில் ஒரு கோட்டை. ஸ்வீடன் ராஜ்யம் உண்டாக்கிய ஊராம். ரஷ்யா வந்து பிடித்துக்கொண்டதாம். பின்லாந்து தனி நாடாகி, உலகச் சண்டையில் எல்லை நகர்ந்தபோது எல்லைக்குப் பக்கத்து ஊராகிவிட்டதாம். காட்டிலிருந்து மரம் வெட்டி ஏரியில் மிதக்கவிட்டுக் கொண்டுவருகிறார்கள். அந்த மரம்தான் காகிதமாகிறது. சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளம் ஒன்று, ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாய் ஒன்று. கால்வாயின் ஒரு பகுதி சண்டைக்குப் பிறகு ரஷ்யாவுக்குள் போய்விட்டது, அதை வாடகைக்கு எடுத்துத்தான் படகு விடுகிறோம் என்றார் வெய்க்கோ.

"அவங்க வெட்டுன கால்வாய்க்கு அவங்களே வாடகையா? நல்ல கூத்துப்பா!" என்றான் நடேசன். பலராமனோடு கபடி ஆடுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த படம் கறுப்பு வெள்ளை. மாட்டு மந்தை, மூட்டை ஏற்றிய வண்டி, பொம்பளைகள், பிள்ளைகள். நாற்பத்து நாலாம் வருஷம். எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். வெய்க்கோவின் கிராமம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு நாள் காலையில், கிளம்புங்கள் என்று சொன்னார்களாம். அவருடைய அப்பா அடுப்பை அணைத்து, வீட்டைப் பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாராம். பெருக்குவானேன் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அதை அப்படியே சொன்னேன்.

"நெலத்துக்குப் பட்டா கீதுங்களா சார்?" என்று நடேசன் கேட்டான்.

"பத்திரம் இருக்கிறது. நிலம்தான் வேறு நாட்டில் இருக்கிறது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மில்லுக்கு நிலம் கொடுத்த வடக்குப்பட்டுக்காரர்கள். என் மாமனார் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில்தான் இப்போது லாரி நிற்கிறது. வீட்டுக்கு ஒரு வேலை என்று வாய்வார்த்தையாகச் சொல்லி வாங்கினார்கள்.

கடைசியாக விளையாட்டு. குளிர்காலத்தில் ஏரி கல் மாதிரி இறுகிவிடும். அதன் மேல் வளைந்த மட்டையோடு ஆட்கள் பந்தைத் துரத்தினார்கள்.

"தண்ணி மேலயா ஓட்றாங்க?"

"கட்டியாப் பூடும்பா, ஐஸு."

நடுவில் நிற்பவர்தான் தன் அப்பா என்றார் வெய்க்கோ. ஊரைவிட்டு வந்தவர்களை அந்த நகரத்து ஆட்கள் முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்களாம். அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்தது, மில் டீமில் ஆடினார், நாலு கோல் போட்ட பிறகு அவர் எங்கிருந்து வந்தவர் என்று யாரும் கேட்கவில்லையாம். பலராமன் பின்னாலிருந்து விசில் அடித்தார்.

எங்கள் மில்லிலும் டீம் உண்டு. நன்றாகக் கபடி ஆடுகிறவர்களாகப் பார்த்துக் கேஷுவலாக, தற்காலிக ஆளாக, எடுப்பார்கள். பகலில் அட்டைக்கட்டு தூக்க வேண்டும், சாயங்காலம் ஆட வேண்டும். தொடர்ந்து இத்தனை நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று சட்டம் இருக்கிறது அல்லவா? அந்த நாள் நெருங்கும்போது ஆளை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பிரேக். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சமயத்தில் வரும். பலராமனுக்கு மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பு, மில்லில் வேலை என்றுதான் எங்கள் வீட்டில் சொன்னார்கள். மில்லிலும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல் ஒரு வேலை இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விளக்கைப் போட்டதும் மேனேஜர் எழுந்தார். இந்த வருஷம் தொழிற்சாலைகளுக்கான கபடிக் கோப்பையை ஜெயித்தால் டீமில் ஏழு பேரையும் நிரந்தரம் செய்ய ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொண்டிருக்கிறது என்றார். கைதட்டலில் கேன்டீன் அதிர்ந்தது. பலராமன் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு என் அலுப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

பைனல் நடந்த வாரம் பலராமனுக்கு பிரேக். மற்ற ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள், இவர் மட்டும் வீட்டில். அந்தந்தக் கம்பெனியில் வேலையில் இருப்பவன்தான் ஆடலாம் என்பது போட்டியின் விதி. இவர் போய்க் கேட்டதற்கு, "அதெல்லாம் பேப்பர்ல. நீ வந்து ஆடுப்பா" என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதை நம்பிப் போனார்.

ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூட மைதானத்தில் மேட்ச். வெய்க்கோதான் சிறப்பு விருந்தினர், கழுத்தில் ரோஜா மாலையோடு நெளிந்துகொண்டிருந்தார். கடைசி ரெய்டில் பலராமன் போனார். மூன்று பேர் பிடித்தார்கள். இடுப்பில் ஒருவன், காலில் இருவர். அப்படியே இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டார். முழங்கால் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முதலில் கப்பைத் தூக்கினார்கள், அப்புறம்தான் அவரைத் தூக்கினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பிரேக்கில் இருப்பவனுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வைத்தியம் கிடையாது. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு போட்டோம். கட்டு பிரித்த பிறகும் கால் மடங்கவில்லை. எழுந்து நடந்தால் விறைத்த காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது.

சொன்னபடி அவருக்கும் நிரந்தர வேலை கேட்க நான் மேனேஜர் ரூமுக்குப் போனேன். வெய்க்கோவும் ஏதோ கையெழுத்துக்காக அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அவர் அன்னிக்கு மில் ஆள் இல்லம்மா. பிரேக். பிரேக் லிஸ்ட்ட நீயே டைப் அடிச்சியே" என்றார் மேனேஜர்.

"மில் ஆள் இல்லன்னா மில் டீம்ல எப்படி சார் ஆடினார்? வெளியாளை வெச்சு ஆடினா அந்தக் கப்பு செல்லாதே."

பெரிதாக மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"வாஸ்தவம். நீ எழுதிக் குடு, கப்பைத் திருப்பி அனுப்பிடறேன். தகரம்தானே அது? ஆனா கப்பு போனா மத்த ஆறு பேரோட ஆர்டரும் போகும். கப்பு ஜெயிச்சாத்தான்னு ஹெட் ஆபீஸ் சொல்லியிருக்கு. நீயே யோசிச்சுக்கோ."

வெளியே வந்தேன். வெய்க்கோ பின்னாலேயே வந்து, என்ன பேசினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார், திட்டாகத்தான் இருக்கும்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்துவிட்டார். குனிந்து நுழைந்து பாயில் உட்கார்ந்தார். டீமின் மற்ற ஆறு பேரும் சேதி தெரிந்து ஏற்கெனவே வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள். நடேசன் பெண்டாட்டி கிளியம்மாள் நிறைமாதமாகத் தெருவில் நின்றாள்.

வெய்க்கோ சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மெஷின் சரியாக ஓடுகிறது என்று அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஹெட் ஆபீஸ் அவர் பேச்சைக் கேட்கும். பலராமன் சரி என்றால் அவருக்கு வேலை கேட்டு நாளைக்கே பேசுவார். பேசினால் பிரேக்கில் ஆடியதும் வெளியே வரும், கப்பும் ஆறு பேரின் ஆர்டரும் போகும்.

"சார் அப்பாவுக்கு அந்த ஊர்ல அடி கிடி பட்டிச்சான்னு கேளு" என்றார் பலராமன்.

கேட்டேன். கணுக்கால் முறிந்தது, மில் சம்பளம் கொடுத்தது, பிறகு கேட்டில் உட்கார வைத்தது என்றார் வெய்க்கோ. "அவர் கோட்டுக்குச் சரியான பக்கத்தில் நின்று விழுந்தார். உன் கணவர் தப்பான பக்கத்தில் விழுந்துவிட்டார். கோட்டைப் போட்டது யாரோ."

அதைச் சொல்லி முடித்தேன். பலராமன் கட்டுப் பிரித்த காலைத் தடவினார். அந்த ஆறு பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

"வேணாம்னு சொல்லு தேவி."

"இன்னாங்க பேசறீங்க? நாளைக்கு நாம இன்னா பண்றது?"

"எனக்குத்தான் போச்சு. அவங்களுக்கும் போவணுமா? சொல்லு."

வெய்க்கோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. 'எஸ்' என்று சொன்னால் போதும், கேட்க நாதியில்லை. எனக்கு அப்படிச் சொல்லத்தான் ஆசை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் கால், அவர் வார்த்தை. அதையும் நான் பறித்துக்கொண்டால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

"நோ" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெய்க்கோ எழுந்து பலராமன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே கையெழுத்துப் போட்டு ஊருக்கும் போய்விட்டார்.

ஆறு பேருக்கும் ஆர்டர் வந்தது. நான்தான் டைப் அடித்தேன். நடேசன் தட்டில் பூ, பழம் வைத்துக்கொண்டு வந்து பலராமன் காலில் விழப் பார்த்தான். "போடா, போய் ஷிப்டைப் பாரு" என்று விரட்டினார்.

அடுத்த மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உன் வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணினார். நாங்களும் எதாவது செய்யணுமில்ல? அவர் தம்பி பாண்டுரங்கன் நல்லா ஆடறானாமே? அவர் எடத்துல எடுத்துக்கறோம்."

சேதி கேட்டு மாமனார் வடக்குப்பட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். சொன்ன சொல்லை மில் காப்பாற்றிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பலராமன் தம்பியை உட்காரவைத்து, மூன்று பேர் பிடித்தால் எப்படி விழ வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

முதல் நாள் பாண்டுரங்கன் என்னோடுதான் பஸ்ஸுக்கு வந்தான். புதுச் சட்டை, தலையில் எண்ணெய் வழிந்தது.

"அண்ணி, எனக்கும் பிரேக் வுடுவாங்களா?"

"வுடுவாங்க."

"எப்போ?"

"அப்போ சொல்றேன். பிரேக்ல இருக்கும்போது மட்டும் ஆடாத பாண்டு. யார் கூப்ட்டாலும் போவாத."

"ஆடலன்னா திரும்ப எடுப்பாங்களா அண்ணி?"

பஸ் வந்து நின்றது. அவன் ஏறி, எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையாட்டினான். நான் ஏறி அவன் பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்தேன்.