உப்புச் சிரட்டை

1
இந்தக் கதை என் காலில் ஏறிய அட்டையிலிருந்து வந்தது. பந்தலூரில் மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்குக் கதை வேறெப்படி வரும்? நாற்பது தாண்டி எழுத்து கற்றவள் நான். மெதுவாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2
முதல் வரி: 'மலைமகள் பச்சைப் பட்டு உடுத்தி...'

வேண்டாம். இதில் பட்டு உடுத்தியவர்கள் யாரும் இல்லை. இடுப்பில் ஈரப் படங்கு* சுற்றியவர்கள்தான்.

மறுபடியும்: ராஜகுமாரி மளிகைக்கடை வைத்திருக்கிறாள். எதிரே பெரிய கடை வந்ததும் எல்லோரும் அங்கே போனோம். (நானும்தான்.) ஆடி முடிவதற்குள் வியாபாரம் திரும்பாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக இருந்தாள்.

*மழைக்கும் செடிக் கீறலுக்கும் சுற்றிக்கொள்ளும் தார்ப்பாய். உடுத்திப் பார்த்தால் கனம் தெரியும்.

3
அவள் செய்தது இவ்வளவுதான். படங்கு மாட்ட வெளிச்சுவரில் சில ஆணிகள் அடித்தாள். அட்டையை உதிர்க்கப் படியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் கல்லுப்பு வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, பார்த்தாலே புரியும் என்று நினைத்தாள்.

என்னோடு கொழுந்து பறிக்கும் இசக்கியம்மாவுக்கு வேறுவிதமாகப் புரிந்தது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மிதிச்சிராத புள்ள! யாருக்கோ திருஷ்டி கழிச்சு வெச்சிருக்கா."

பேச்சு பரவியது. மிச்சமிருந்த வாடிக்கையும் சாலையைக் கடந்தது.

(ராஜகுமாரி அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். மனசு சரியில்லை என்றால் அவள் தராசைத்தான் துடைப்பாள்.)

4
மறுநாள் இசக்கியம்மாவோடு பெரிய கடைக்குப் போகும் வழியில் என் கெண்டைக்காலில் அட்டை. ரத்தம் வடிய அந்தப் பளபளத் தரையில் ஏறக் கூசியது. ராஜகுமாரி கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த உப்பை எடுத்து வைங்க!"

"ஐயோ, திருஷ்டி உப்பையா?" என்றேன்.

"திருஷ்டியா? இந்தக் கடைக்குச் சாமான் வாங்கவே ஆளில்லீங்க, கண்ணு வைக்க யாரு வர்றா? அது அட்டைக்குங்க!"

வைத்தேன். அட்டை சுருண்டு விழுந்தது. இசக்கியம்மா குனிந்து விழுந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள்.

"எனக்கும் ஒரு சிட்டிகை குடு. வந்ததும் வந்தாச்சு, அரைக் கிலோ பருப்பும் போடு."

திருஷ்டிப் பேச்சைப் பரப்பியவளே இதையும் பரப்பினாள்.

5
முடிவு ஒன்று: கடை நிரம்பி வழிகிறது. சினிமா மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: ராஜகுமாரி திருப்பூர் பஸ்ஸில்... கை ஓடவில்லை.

ஆடி இன்னும் முடியவில்லை. நேற்று ஆணிகளில் இடமில்லாமல் என் படங்கை இசக்கியம்மா படங்கின் மேல் மாட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுவரைதான்.

மீதி உங்களிடம். இந்தப் பக்கம் வந்தால் படியைப் பாருங்கள். சிரட்டையில் உப்பு இருந்தால், உள்ளே போய் ஏதாவது வாங்குங்கள்.