வெடிப்பு அடைத்த இடம்

பசுவந்தனை போகும் வழியில், பருத்திக் கம்பெனி வெள்ளைக்காரன் ஒருவன் கட்டிய பங்களா அது. எழுபது வருடம் ஆடு அடையும் இடமாகக் கிடந்தது. சென்னைக் குடும்பம் ஒன்று வாங்கி, பழையபடி ஆக்கி, நாளை விடுதியாகத் திறக்கப் போகிறது. தோட்டமும் பழைய புகைப்படத்தில் உள்ளது போலவே வேண்டும் என்றார்கள். நடுவில் நீரூற்று, சுற்றிலும் புல்தரை, ஓரத்தில் ரோஜாப் பாத்தி. கரிசலில் அந்தப் புல் நிற்காது என்று லாரி லாரியாகச் செம்மண் கொட்டினார்கள். அதற்கு முன் தரையிலிருந்த வெடிப்புகளை அடைக்கும் வேலை எனக்கும் காசிராஜனுக்கும்.

கோடையில் கரிசல் எப்படி வெடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஊரில் வண்டிப்பாதைக்குச் செய்வதையே இங்கேயும் செய்தோம். பருத்திமார் என்னும் காய்ந்த பருத்திச் செடிகளைக் கட்டுக்கட்டாகத் திணித்து, மேலே மண்ணைத் தள்ளி மிதித்தோம். மழை பெய்தால் கரிசல் ஊதித் தானே மூடிக்கொள்ளும்.

வடக்கு மதில் பக்கம் ஒரு வெடிப்பு மட்டும் ஒன்பது கட்டு விழுங்கியது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"பாதாளத்துக்கே போகுதுடே," என்று காசிராஜன் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. மேலே மண்ணைத் தள்ளி மிதித்தேன். வீட்டுக்குப் போகிற நேரம் ஆகியிருந்தது.

அது ஐந்து மாதத்துக்கு முன்பு. இன்று மத்தியானம் பங்களாக் கூடத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் பூவனநாதன் தோட்டத்தின் பழைய வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அதன் வடக்கு ஓரத்தில் ஒரு வட்டம் இருந்தது.

"இது என்னது அண்ணாச்சி?"

"கெணறு. அறுபதடி. மேல செங்கல் வளைவு வச்சு மூடிட்டான்னு எழுதியிருக்கு. அந்த ஓரத்துல எங்கன கெடக்கோ, யாரு கண்டா."

ஒன்பது கட்டு விழுங்கிய அதே வடக்கு மதில் ஓரம். நாங்கள் அடைத்தது வெடிப்பு இல்லை. வளைவு உடைந்த கிணற்றின் வாய். ஐந்து மாதமாக நானே தினமும் அதன்மேல் தண்ணீர் விட்டிருக்கிறேன். பருத்திமார் இந்நேரம் மக்கியிருக்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய புகைப்படத்தில் இருப்பது போல நான்கு பெண்கள் இரும்பு உருளையைக் கயிறு கட்டிப் புல்மேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். விடுதி விளம்பரத்துக்குப் படம் எடுப்பதற்காக எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புதுச் சேலை. உருளை வடக்கு மதில் பக்கம் போய் நின்றுவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட ஒருத்தி பின்னால் வந்தாள். சீனித்தாய். என் மனைவி.

ஓடினேன். புல்லின் விளிம்பில் கால் நின்றுவிட்டது. என் எடையும் சேர்ந்தால் தரை தாங்காது என்று நினைத்தேன். அது உண்மைதான். பயந்தேன் என்பதும் உண்மை.

"ஏட்டி, அசையாத! கீழ கெணறு!"

மற்ற மூன்று பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்த ஓட்டத்தில் தரை அதிர்ந்தது எனக்கே தெரிந்தது. சீனித்தாய் உருளையில் கைவைத்தபடி நின்றாள்.

"கெணறா? மத்தியானமே ஊத்திட்டு வந்துட்டீங்களா?"

உருளை இன்னும் ஒரு சாண் இறங்கியது. அவள் வாய் மூடிக்கொண்டது.

"கைய எடு. குப்புறப் படு."

"புதுச் சேல..."

"சேல கெடக்குது மூதி, படு!"

படுத்தாள். தண்ணீர் விடும் குழாயை உருவி அவளிடம் வீசினேன். அவள் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். காசிராஜன் எங்கிருந்தோ வந்து எனக்குப் பின்னால் பிடித்தான். அவள் முழங்கையை ஊன்றி ஊன்றி வந்தாள். நாலு முழம் வந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் புல்தரை சத்தமில்லாமல் உள்வாங்கியது. உருளை காணாமல் போனது. அதன் கயிறு அவள் காலை உரசிக்கொண்டு விறுவிறுவென்று ஓடிக் குழிக்குள் இறங்கியது. இழுத்தோம். இழுக்கும்போதே அடியிலிருந்து உருளை விழுந்த சத்தம் வந்தது. அவளைப் பாதைக்கல்மேல் போட்டோம்.

பூவனநாதன் ஓடிவந்தார். "இதுக்குள்ள மண்ணத் தள்ளுனது யாருவே?"

காசிராஜன் தரையைப் பார்த்தான்.

"நாந்தான்," என்றேன். "வெடிப்புன்னு நெனச்சேன்."

சீனித்தாய் எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் செம்மண். "நெசமாவே அப்படித்தான் நெனச்சீங்களா?"

நான் முகத்தைத் திருப்பி, என் பக்கத்துக் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"வேற எத்தன எடம் அடச்சீங்க?"

"இது போக பதினொண்ணு."

நீரூற்றுக்கு அந்தப் பக்கம் பந்தலுக்கடியில் ஆட்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பூவனநாதன் அவர்களை வெளியே வரச்சொல்லிக் கத்தினார். சீனித்தாய் குழாயைத் தன் கையிலிருந்து அவிழ்த்து என் இடுப்பில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். காசிராஜனும் மற்ற பெண்களும் அவளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். என் கையில் கடப்பாரையைக் கொடுத்தாள்.

"நடங்க."

முதல் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துங்க."

குத்தினேன். கடப்பாரை செம்மண்ணைத் தாண்டி, பருத்திமாரைத் தாண்டி இறங்கி, கெட்டிக் கரிசலில் முட்டி நின்றது.

"இன்னும் பத்து," என்றாள்.