ஒரு விரல் இடம்

குறுக்கு வழி என்று கணவர் கூட்டிவந்த பாதை இப்படி முடிந்திருந்தது. ஓடைக்கரைப் பாறையடியில் அவள் காலை நீட்டிக் கிடந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒடித்த இரு கிளைகளில் ஒன்றைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார்.

பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவள் அவள். வழுக்கி விழுந்ததுமே முழங்காலுக்குக் கீழே எலும்பு போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. போனில் கேட்டதற்கு, மீட்புக் குழு வந்து சேர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். அதுவரை காலை அசையாமல் கட்டி வைக்க வேண்டியவரோ தச்சரான கணவர். அங்கேதான் வந்தது வினை.

"என்னங்க பண்றீங்க இன்னும்?"

"சிராய் இருக்குடி, குத்திடும்."

"கட்டிலா செய்யறீங்க? துணியைச் சுத்தி வைங்க, போதும்!"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளையை அவளுடைய நல்ல காலில் வைத்து அளவு பார்த்தார். முனையில் ஒரு நூலளவு அதிகம் என்று மறுபடி சீவினார். வலியைவிட எரிச்சல்தான் அவள் உயிரை வாங்கியது.

ஒருவழியாக, அவள் சொல்லச் சொல்ல, செருப்பைக் கழற்றி, காலை இருந்த வாக்கிலேயே விட்டு, இரு பக்கமும் தன் சட்டையைக் கிழித்து மடித்து வைத்து, முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை கிளைகளைப் பொருத்தினார். முறிவின் மேல் முடிச்சு வேண்டாம் என்றதையும் கேட்டார். ஆனால் தோள் துண்டைக் கிழித்துக் கட்டும்போது, மரத்தை இறுக்கிப் பழகிய கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்து இழுத்தார்.

"ஆடவே ஆடாது பாரு," என்றார் பெருமையாக.

ஆடாதுதான். வீட்டுக் குளியலறைக் கதவும் அப்படித்தான், மழை வந்தால் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். இடைவெளி விட்டால் அது ஒரு வேலையா என்பார். ஏழு வருடச் சண்டை.

பத்து நிமிடத்தில் கால்விரல்கள் மரத்துப்போயின.

"கட்டைத் தளர்த்துங்க."

"தளர்த்தினா ஆடுமே!"

"பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்க. வெளுத்தது சிவக்குதா?"

அழுத்திப் பார்த்தார். "சிவக்கல."

"ரத்தம் போகல. ரெண்டு மணி நேரம் இப்படியே இருந்தா காலே போயிடும். இது கதவு இல்லீங்க, என் காலு!"

கத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, பயந்துபோயிருந்தாள். அவர் முகம் செத்துப்போயிற்று. தான் போட்ட முடிச்சு தனக்கே அவிழாமல், கடைசியில் பல்லால் இழுத்தார்.

"எவ்வளவு விடணும்?"

"ஒரு விரல் நுழையற அளவு."

மறுபடி கட்டி, விரலை நுழைத்துப் பார்த்து, நகத்தை அழுத்தினார். சிவந்தது. ஆட்கள் வரும்வரை அந்தக் காலை விட்டு அவர் நகரவில்லை. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் அழுத்தி, "சிவக்குது, சிவக்குது," என்று உயிரை எடுத்தார். "தெரியுதுங்க, சும்மா இருங்க," என்று அவளும் ஒவ்வொரு தரமும் எரிந்து விழுந்தாள்.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய மறுநாள், இழைப்புளிச் சத்தம் கேட்டு விழித்தாள். குளியலறைக் கதவை இழைத்து மாட்டிவிட்டு, நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, ஒரு விரலா? குளிக்கிறது வெளியே தெரியுமேங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா திரை போட்டுக்கலாம். இந்தக் காலோட உள்ள நீ மாட்டிக்கக் கூடாது."

"அப்போ கெட்டித் துணியா வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள்.