பால் வராத கள்ளி

இதெல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அன்று காலையில் பக்கத்து வீட்டுச் சொர்ணம் சிரித்தாளா, பிற்பாடு நான்தான் அந்தச் சிரிப்பை அவள் முகத்தில் ஒட்டவைத்தேனா, தெரியவில்லை. எழுபத்தொன்றாம் வருடம் என்பது நிச்சயம். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்த வருடம் அது.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்களுக்கும் பால்ராஜ் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் கம்பி போட்ட வராந்தா. பால்ராஜ் என் கணவரோடு ஒரே ஷெட்டில் ஃபிட்டர். மனைவி சொர்ணம் பாரிவாக்கத்துக்காரி. நாலு வயதில் எஸ்தர் என்று ஒரு பெண். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவள் பால்ராஜின் அக்கா ஞானம்மாள்.

ஞானம்மாள் சின்ன வயதிலேயே சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். கணவன் அங்கேயே செத்துப்போனான். இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் என்று பிரிக்கப்பட்டவர்களோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, தம்பியிடம் வந்து சேர்ந்தாள். கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு செடி.

சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை தருகிறார்கள் என்று சொர்ணம் அவள் காதுபடச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஞானம்மாளுக்கு அந்தப் பேச்சே பயம். மலைக்குளிரில் அவளுக்கு நெஞ்சு அடைத்துவிடும். அந்த வராந்தா கையைவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. அதற்காக விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடிப்பாள், எஸ்தரைக் குளிப்பாட்டுவாள், கடைசியாகச் சாப்பிடுவாள்.

செடியைத் தேங்காய் மட்டையில் வைத்து வராந்தாக் கம்பியில் கட்டியிருந்தாள். இலை கிடையாது. பச்சை நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி தண்டுகள் கிளைத்துக் கிளைத்துக் கீழே தொங்கும். தண்டோடு ஒட்டிச் சின்னப் பூ; அப்புறம் ஜவ்வரிசி வெந்த மாதிரி வெள்ளைப் பழம். பேர் கேட்டேன். "அங்க நாங்க இருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால மரமெல்லாம் இதுதான் தொங்கும். யாரும் பேர் வைக்கல" என்றாள்.

பாத்திரம் தேய்க்க வரும் முனியம்மா ஒருநாள் அதன் கீழே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது, கள்ளியப் போயி ஊட்டு வாசல்ல தொங்க உட்டுகினு கீறீங்க? எங்க பருத்திப்பட்டுல வேலிக்குத்தான் வெப்பாங்க."

"கள்ளி இல்ல தங்கச்சி. முள்ளு எங்க இருக்கு, பாரு."

"திருகுகள்ளிக்கு மட்டும் முள்ளு கீதா? அதுவும் இப்டித்தான் குச்சி குச்சியா கீது. ஒடிச்சா பால் பீச்சும். கண்ணுல பட்டா கண்ணு பூடும்."

உள்ளேயிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது. "அண்ணிக்கு முடி கொட்டிப்போச்சு முனியம்மா. அதான் செடிக்கு வளத்துவுடுது. மரத்துல ஒட்டிக்கினே காலத்த ஓட்டுமாம் அது. ஒரு வேலை வெட்டி கெடையாது."

ஞானம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

எஸ்தருக்கு அந்தப் பழம் விளையாட்டு. நசுக்கினால் பிசின் மாதிரி ஒட்டும். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு அத்தையிடம் காட்டுவாள். ஒருநாள் காலை அவள் இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு, ரத்தச் சிவப்பாக விழித்தாள்.

நான் போனபோது குழந்தையை மடியில் போட்டு, வெந்நீர்த் துணியால் ஞானம்மாள் துடைத்துக்கொண்டிருந்தாள். பால்ராஜ் சட்டையைப் பாதி மாட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள் முனியம்மா.

"பொட்டு வெச்சுக்கினு அந்தக் கையால கண்ண கசக்கியிருக்கு. கள்ளிப்பாலு" என்றாள் சொர்ணம். "நாலு வயசுப் புள்ள."

"இது மெட்ராஸ் ஐ" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கும் நேத்துலேந்து இதே சிவப்பு. அவர் இந்தச் செடி பக்கம் வந்ததே இல்ல."

"பக்கத்து ஊடுதான. காத்துல பட்டிருக்கும்" என்றாள் சொர்ணம்.

ஞானம்மாள் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள். தடித்த தண்டாகப் பார்த்து ஒடித்து, முறிந்த முனையைத் தம்பி முகத்துக்கு நேரே நீட்டினாள். பால் வரவில்லை. தண்ணீர் மாதிரி ஒரு துளி திரண்டு நின்றது.

"பாரு தம்பி. பாலா இது?"

பால்ராஜ் பார்த்தார். அந்த வீட்டில் அவர் சொல்லவேண்டியதைச் சொர்ணம் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பது அவர் வழக்கம்.

"பால் வராத கள்ளின்னா இன்னும் வெஷம்" என்றாள் சொர்ணம்.

ஞானம்மாள் தலையை அண்ணாந்து, அந்தத் துளியைத் தன் கண்ணில் விட்டுக்கொண்டாள். பிறகு கண்ணை நன்றாகத் திறந்து எல்லோரையும் பார்த்தாள். அன்று முழுக்க அந்தக் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது; நானே இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சாயங்காலம் மறுபடி குழந்தையின் கண்ணைத் துடைத்த அதே துணியால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். அதையும் பார்த்தேன், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அந்தக் கண் சிவந்து வீங்கியிருந்தது.

நான் சந்தேகப்படும் சிரிப்பு அப்போதையது. "இப்ப இன்னா சொல்றீங்க?" என்று சொர்ணம் என்னைப் பார்த்துக் கேட்டாள். முனியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பால்ராஜ் கம்பியிலிருந்து கட்டை அவிழ்த்து, மட்டையோடு செடியைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

"அக்கா, முகாமுக்கு எழுதிப் போடறேன்" என்றார். "நீலகிரில உன்னாட்டம் நெறைய பேர் இருக்காங்க."

"செடியத்தான் போட்டுட்டியே தம்பி."

"அதுக்கில்லக்கா. எடம் பத்தல."

ஞானம்மாள் தன் பாயில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வராந்தாச் சுவரில் சாய்ந்திருந்தாள். உள்ளே சொர்ணம் எஸ்தருக்கு இட்லி ஊட்டுகிற சத்தம் கேட்டது. பேச வேண்டியதெல்லாம் முதல்நாளே பேசித் தீர்ந்துவிட்டிருந்தது.

பல வருடம் கழித்து நூலகத்தில் ஒரு தாவரவியல் புத்தகத்தில் அந்தத் தண்டுகளின் படத்தைப் பார்த்தேன். நம் ஊர்க் கள்ளி ஆமணக்குக் குடும்பம், அதனால்தான் பால். இது அமெரிக்காவின் சப்பாத்திக்கள்ளிக் குடும்பம். பாலும் இல்லை, விஷமும் இல்லை. அந்தக் குடும்பத்தில் கடல் தாண்டி இலங்கைக் காடுகளிலும் தானாக வளர்வது இது ஒன்றுதானாம். எப்படி வந்தது என்பதற்கு உறுதியான பதில் இல்லை. பழம் தின்ற பறவைகள் கொண்டுவந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. மரத்தில் தொற்றி நிற்குமே தவிர மரத்திடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்றும் இருந்தது. நான் அதைச் சொர்ணத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இடம் பெருகிவிடுமா.

எஸ்தருக்கு ஒரு வாரத்தில் கண் சரியாகிவிட்டது. அவள் இப்போது வேப்பம்பட்டில் டீச்சராக இருக்கிறாள். அத்தையை நினைவில்லை என்கிறாள். பால்ராஜ் ரிட்டயர் ஆன மறுவருடம் மாரடைப்பில் போனார். சொர்ணம் மகளோடு இருக்கிறாள். முனியம்மா பருத்திப்பட்டிலேயே காலமானாள். என் கணவரும் இல்லை. ஞானம்மாள் நீலகிரியில் கூடலூருக்குப் போய்க் கொழுந்து பறித்தாள். இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சடைத்து இறந்தாள். தந்தி வந்தது. பால்ராஜுக்கு லீவு கிடைக்கவில்லை.